ஆறு ஆதாரமும் ஏழு கல்லும்

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சக்கரங்களுக்கும் படிகங்களுக்கும் என்ன பொருள் என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. நான் கல்லூரியில் நிலவியல் கற்பித்தவன். சைவ சித்தாந்தத்தை ஆசிரியரிடம் முறையாகப் பாடம் கேட்டவன். கல்லைப் பற்றியும் பேசுவான், கடவுளைப் பற்றியும் பேசுவான் என்று நினைத்து அழைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் உண்மையாக இருந்து பேச முயல்கிறேன்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆதாரம் என்றும் சக்கரம் என்றும் நாம் சொல்பவை, மனத்தைப் பழக்குவதற்காக நம் முன்னோர் வகுத்த படிகள். படிகம், உயிரின் இயல்பை விளக்க அவர்கள் எடுத்துக்கொண்ட சான்று. இரண்டிலும் ஆழ்ந்த பொருள் இருக்கிறது. அந்தப் பொருள் பயிற்சி செய்கிறவர்களுக்குத்தான் கிட்டும். விலை கொடுத்து வாங்கி மேலே வைத்துக்கொள்வதால் கிட்டாது. இன்று இவ்விரண்டையும் ஒரே பெட்டிக்குள் போட்டு நோய்க்கு மருந்தாக விற்கிறார்கள். அதனால் யோகமும் தன் மதிப்பை இழக்கிறது, கல்லும் தன் அழகை இழக்கிறது, நம்பி வாங்கியவரும் ஏமாறுகிறார். இதுதான் என் கவலை.

பெட்டிக்குள் இருப்பது

அப்படிப்பட்ட பெட்டி ஒன்று இந்த மேசைமேல் இருக்கிறது. என் உறவுக்காரப் பெண் வாங்கியது. தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று வாங்கியிருக்கிறாள். "பெரியப்பா, இதுல உண்மையிலேயே ஏதாவது இருக்கா?" என்று என்னிடம் கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

பெட்டிக்குள் ஏழு கற்கள். மூலாதாரத்துக்குச் சிவப்பு ஜாஸ்பர். சுவாதிட்டானத்துக்கு ஆரஞ்சு நிறச் சூதுபவளம். மணிபூரகத்துக்கு மஞ்சள் சிட்ரின். அநாகதத்துக்குப் பச்சை அவென்சுரின். விசுத்திக்கு நீலச் சோடலைட். ஆக்ஞைக்குக் கருநீல லேபிஸ் லசூலி. உச்சிக்கு ஊதா நிற அமெதிஸ்ட். வானவில்லின் வரிசை அப்படியே இருக்கிறது. கூடவே ஒரு தாள். இந்த முறை ஐயாயிரம் ஆண்டுப் பழமையானது என்று அதில் அச்சடித்திருக்கிறார்கள்.

ஐயாயிரம் ஆண்டு என்பது உண்மையா? நம் நூல்களையே திறந்து பார்ப்போம்.

நூல்கள் சொல்வது

தமிழில் இதைப் பேசத் தொடங்குகிறவர் திருமூலரிடம்தான் போக வேண்டும். திருமுறை வரிசையில் பத்தாவதாக வைக்கப்பட்ட திருமந்திரம் ஒன்பது தந்திரங்களாக அமைந்தது. மூன்றாம் தந்திரம் அட்டாங்க யோகத்தைச் சொல்கிறது. இருப்பது எப்படி, மூச்சை அடக்குவது எப்படி, புலனை உள்ளே திருப்புவது எப்படி என்று படிப்படியாகப் போகிறது. நான்காம் தந்திரம் மந்திரங்களையும், கோடு கிழித்து எழுத்தடைக்கும் சக்கரங்களையும் விரிக்கிறது. உடம்புக்குள் உள்ள நிலைகளை ஆதாரங்கள் என்று குறிக்கும் வழக்கம் நம் சைவ மரபில் வேரூன்றியது. ஔவையாரின் விநாயகர் அகவல் இதே யோக வழியைப் பாடுகிறது. பிள்ளையாருக்கு முன்னால் குழந்தைகள் கூட மனப்பாடமாகச் சொல்லும் பாட்டு, மூலாதாரத்தில் தொடங்கி மேலே ஏறும் பயணத்தைச் சொல்லும் பாட்டு என்பதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

இந்தப் பயணத்தை ஊர்களின் மேலும் ஏற்றிப் பார்த்தவர்கள் நாம். திருவாரூரை மூலாதாரத் தலம் என்கிறோம். தில்லையை இதயத் தலம் என்கிறோம். திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர், அந்த ஊர்க் கோயிலின் மூலாதார விநாயகர் மேல் ஸ்ரீராகத்தில் ஒரு கீர்த்தனம் செய்திருக்கிறார். யோகம், தலம், இசை மூன்றும் பிணைந்திருந்த உலகம் அது.

இன்று உலகம் முழுவதும் தெரிந்த ஆறு சக்கர வருணனைக்கு அடிப்படையான நூல் ஷட்சக்ர நிரூபணம். வங்காளத்தைச் சேர்ந்த பூர்ணானந்தர் 1577-இல் இயற்றிய பெருநூலின் ஒரு பகுதி அது. அதில் ஒவ்வொரு ஆதாரமும் ஒரு தாமரை. மூலாதாரத்துக்கு இதழ் 4, சுவாதிட்டானத்துக்கு 6, மணிபூரகத்துக்கு 10, அநாகதத்துக்கு 12, விசுத்திக்கு 16, ஆக்ஞைக்கு 2. கூட்டினால் 50. வடமொழி நெடுங்கணக்கின் எழுத்துகளும் 50 என்பது அந்த மரபின் கணக்கு. ஒவ்வோர் இதழிலும் ஓர் எழுத்து. தொண்டையில் இருக்கும் விசுத்தியின் பதினாறு இதழ்களிலும் பதினாறு உயிரெழுத்துகள்.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். மனிதன் பேசக்கூடிய எல்லாவற்றுக்கும் முதலான எழுத்துகளை, வாய்க்குள் விடாமல் முதுகுத்தண்டு நெடுகப் பரப்பி வைத்திருக்கிறார்கள். சாதகன் கண்ணை மூடி உட்கார்ந்து, கீழிருந்து மேலாக ஒவ்வோர் எழுத்தையும் அதற்குரிய இடத்தில் நினைந்து ஏறுகிறான். கடைசியில் எழுத்தெல்லாம் முடிந்த இடத்துக்குப் போய்ச் சேருகிறான். ஓயாமல் உள்ளே பேசிக்கொண்டிருக்கும் மனத்தை, பேச்சின் விதைகளைக் கொண்டே அடக்கும் முறை இது. இதை வகுத்தவர்களின் நுட்பத்தை எண்ணினால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

எழுத்தைப் போலவே பூதங்களும் அடுக்கப்பட்டிருக்கின்றன. மூலாதாரத்தில் மண், அதற்கு மேல் நீர், தீ, காற்று, வான். தடித்ததிலிருந்து நுண்ணியதற்கு ஏறுவது. தியானம் செய்கிறவன் மண்ணை நீரில் ஒடுக்குகிறான், நீரைத் தீயில், தீயைக் காற்றில், காற்றை வானில் ஒடுக்குகிறான். பூசைக்கு உட்காரும்போது செய்யும் பூதசுத்தியின் உட்பொருளும் இதுவே.

ஐந்து பூதங்களுக்கும் வடிவமும் நிறமும் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் திருவதிகை மனவாசகங்கடந்தார் தமிழில் செய்த உண்மை விளக்கம் அவற்றை அழகாகப் பட்டியலிடுகிறது. மண் நாற்கோணம், பொன்னிறம். நீர் பாதி மதி, வெண்மை. தீ முக்கோணம், சிவப்பு. காற்று அறுகோணம், கருமை. வான் வட்டம், புகைநிறம். மூன்று நூற்றாண்டுகளுக்குப் பிறகு வங்காளத்தில் எழுந்த ஷட்சக்ர நிரூபணமும் வடிவங்களை இப்படியே சொல்கிறது. மண், நீர், தீ மூன்றின் நிறமும் ஒத்துப்போகிறது. மேலே உள்ள இரண்டின் நிறத்தில்தான் சிறிய வேறுபாடு.

இப்போது பெட்டியைப் பாருங்கள். மூலாதாரத்துக்குச் சிவப்பு என்கிறது பெட்டி. நூல் அங்கே பொன்னிறச் சதுரத்தை வைக்கிறது. சுவாதிட்டானத்துக்கு ஆரஞ்சு என்கிறது பெட்டி. நூல் வெண்ணிறப் பிறையை வைக்கிறது. மணிபூரகத்துக்கு மஞ்சள் என்கிறது பெட்டி. நூலிலோ மழைமேகம் போன்ற கரிய இதழ்கள், நடுவில் சிவந்த முக்கோணம். அநாகதத்தில் பச்சை கிடையாது. ஆக்ஞையில் கருநீலம் கிடையாது, நிலா வெண்மை. வானவில்லை எந்தப் பக்கத்திலும் காணோம். இன்ன ஆதாரத்துக்கு இன்ன கல் என்ற விதியைத் திருமந்திரமும் சொல்லவில்லை, ஷட்சக்ர நிரூபணமும் சொல்லவில்லை.

நம் நாட்டில் மணிகளைப் பற்றிய அறிவு தனியாகவே வளர்ந்தது. வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையில் மணிகளின் குணங்குறைகளைச் சொல்லும் பகுதிகள் உண்டு. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் மதுரையின் மணிக்கடைத் தெருவைக் கடக்கும்போது, இளங்கோவடிகள் ஒன்பது மணிகளின் இலக்கணத்தையும் வணிகர் வாய்மொழி போலவே சொல்கிறார். நவமணிகளை நவகோள்களோடு இணைக்கும் சோதிட வழக்கும் பழையது. அதை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் அதில் கல்லுக்கு இணை கோள், ஆதாரம் இல்லை.

வானவில் வந்த வழி

அப்படியானால் பெட்டியில் உள்ள முறை எங்கிருந்து வந்தது? அதன் வரலாறு சென்னை அடையாறு வழியாகப் போகிறது.

கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த ஜான் உட்ராஃப், ஆர்தர் அவலான் என்ற புனைபெயரில் ஷட்சக்ர நிரூபணத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து, நீண்ட விளக்கத்தோடு 1919-இல் வெளியிட்டார். மேலை நாட்டார் சக்கரங்களை அறிந்துகொண்டது பெரும்பாலும் அந்த நூல் மூலமாகத்தான். 1927-இல் அடையாறு பிரம்மஞான சபையிலிருந்து சார்லஸ் லெட்பீட்டரின் சக்கரங்கள் பற்றிய நூல் வண்ணப் படங்களோடு வந்தது. நூல்களை மட்டும் பின்பற்றாமல், ஞானக் கண்ணால் தாம் பார்த்ததாகச் சொல்லி அவர் எழுதினார். சுவாதிட்டானத்தின் இடத்தில் மண்ணீரலைச் சேர்ந்த ஒரு மையத்தை வைத்தார். 1932-இல் சூரிச் நகரில் கார்ல் யுங், குண்டலினி யோகத்தை மனவியல் நோக்கில் விளக்கித் தொடர் சொற்பொழிவுகள் செய்தார். ஒவ்வொருவரும் தம் காலத்துக்கும் தேவைக்கும் ஏற்பப் பழைய படத்தைத் திருத்தி வரைந்தார்கள்.

வானவில்லின் ஏழு நிறத்தையும் ஏழு மையங்களுக்கு ஒழுங்காகப் பங்கிட்டுக் கொடுக்கும் வழக்கம் 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பரவியது. கிறிஸ்டோபர் ஹில்ஸ் 1977-இல் வெளியிட்ட பெரிய நூல் அதற்கு முக்கியக் காரணம். 1985-இல் கத்ரினா ரஃபேல் எழுதிய படிக நூல் போன்றவை கல்லைக் குணப்படுத்தும் பொருளாக்கிப் புகழ்பெற்றன. நிறத்துக்கு நிறம் கல் தேடி அடுக்கினால் பெட்டி தயார். அதன் வயது அரை நூற்றாண்டு. இந்த அவையில் நரைத்த தலையோடு உட்கார்ந்திருக்கும் பலரைவிட அது இளையது.

வானவில்லில் ஏழு நிறம் என்பதற்கே ஒரு வரலாறு உண்டு. நியூட்டன் முதலில் ஐந்து நிறங்களைத்தான் குறித்தார். இசையின் ஏழு சுர இடைவெளிகளோடு பொருந்த வேண்டும் என்று ஆரஞ்சையும் கருநீலத்தையும் சேர்த்து ஏழாக்கினார். 1704-இல் வந்த அவருடைய ஒளியியல் நூல் அந்த ஏழை நிலைநிறுத்தியது. ஐரோப்பிய இசையை ஒட்டி வகுத்த எண்ணிக்கை, கலிபோர்னியா வழியாக வந்து, இந்திய யோகத்தின் ஆதிநிறம் என்ற பெயரில் நம்மிடமே விற்கப்படுகிறது.

புதியது என்பதாலேயே ஒன்று தவறாகிவிடாது. ஏழு நிறம் ஒருவர் மனத்தை ஒருமுகப்படுத்த உதவினால் தாராளமாகப் பயன்படுத்தட்டும். ஆனால் புதியதைப் பழையது என்று சொல்லக்கூடாது. பழைய நூலைப் படிக்காமலேயே படித்துவிட்டோம் என்ற நிறைவை அது தந்துவிடுகிறது.

கத்தியால் தேடியவரும் நரம்பில் தேடியவரும்

சக்கரம் உடம்பில் உண்மையாகவே இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. பலர் கேட்பார்கள். கேட்கவும் வேண்டும்.

ஆரிய சமாஜத்தை நிறுவிய தயானந்த சரசுவதி இதைச் சோதித்துப் பார்த்தவர். கங்கையில் மிதந்து வந்த பிணம் ஒன்றைக் கரைக்கு இழுத்துக் கத்தியால் அறுத்துப் பார்த்ததாகத் தம் வாழ்க்கைக் குறிப்பில் சொல்கிறார். கையில் இருந்த யோக நூல்களின் வருணனையோடு ஒப்பிட்டார். தாமரையும் இல்லை, சக்கரமும் இல்லை. நூல்களைக் கிழித்து, பிணத்தோடு சேர்த்து ஆற்றிலேயே விட்டுவிட்டார். அவருடைய துணிவை நான் மதிக்கிறேன்.

இன்னொரு பக்கம், 1927-இல் பம்பாய் மருத்துவர் வசந்த் ரேலே, குண்டலினி என்பது வேகஸ் நரம்பே என்று நூல் எழுதினார். அன்றுமுதல் இன்றுவரை சக்கரங்களை நரம்புப் பின்னல்களோடும் சுரப்பிகளோடும் பொருத்திக் காட்டும் முயற்சி நிற்கவில்லை.

இல்லை என்றவரும் இருக்கிறது என்றவரும் ஒரே இடத்தில்தான் தேடினார்கள். தசைக்குள் தேடினார்கள். மரபு அதை அங்கே வைக்கவில்லை என்பதற்கு நூல்களிலேயே சான்று இருக்கிறது. எண்ணிக்கை ஒன்றுபோல் இல்லை. பௌத்த நூலான ஹேவஜ்ர தந்திரம் நான்கு சக்கரம் சொல்கிறது. குப்ஜிகாமத தந்திரம் ஆறு. நாதர் மரபின் சித்த சித்தாந்த பத்ததி ஒன்பது. ஈரலும் இதயமும் நூலுக்கு நூல் எண்ணிக்கை மாறுவதில்லை. கோலம் போடுகிறவர் போடவிருக்கும் கோலத்துக்கு ஏற்ப ஏழு புள்ளியோ ஒன்பது புள்ளியோ வைத்துக்கொள்வது போல, ஒவ்வொரு மரபும் தன் பயிற்சிக்கு ஏற்ப நிலைகளை வைத்துக்கொண்டது. புள்ளி கையை நடத்துவதற்கு. ஆதாரம் கவனத்தை நடத்துவதற்கு.

கவனத்தை நடத்துவது சின்ன விஷயம் இல்லை. நெஞ்சில் கவனத்தை நிறுத்தி மூச்சை நிதானமாக விட்டால் படபடப்பு தணிவதை நீங்களே உணரலாம். கோபம் வரும்போது தொண்டை இறுகுகிறது, பயம் வரும்போது அடிவயிறு கலங்குகிறது. உணர்ச்சிக்கு உடம்பில் இடம் உண்டு என்பதை அனுபவத்தில் கண்டவர்கள், அந்த இடங்களைக் கொண்டே உணர்ச்சியை ஆளப் பழகினார்கள்.

கையில் ஒரு படிகம்

இனிக் கல்லுக்கு வருவோம். முன்வரிசையில் இரண்டு உருண்டைகளைத் தருகிறேன். பார்த்துவிட்டுக் கைமாற்றி விடுங்கள். ஒன்று படிகம், மற்றது கண்ணாடி. முதலில் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். படிகம் அதிகமாகக் குளிரும், அந்தக் குளிர்ச்சி சற்று நேரம் நிற்கும். படிகம் வெப்பத்தைக் கண்ணாடியைவிட வேகமாகக் கடத்துவதால் கன்னத்தின் சூட்டை விரைவாக இழுத்துக்கொள்கிறது. அடுத்து, ஒரு தலைமயிரை வெள்ளைத் தாளில் வைத்து அதன்மேல் உருண்டையை வைத்து மெதுவாகத் திருப்புங்கள். கண்ணாடிக்கு அடியில் எப்போதும் ஒரு மயிர்தான் தெரியும். படிகத்துக்கு அடியில் சில கோணங்களில் இரண்டாகத் தெரியும். தன்னுள் நுழையும் ஒளியைப் படிகம் இரண்டாகப் பிரிக்கிறது. கண்ணாடிக்குள் சிறு காற்றுக் குமிழிகள் இருக்கலாம். படிகத்துக்குள் புகை போன்ற மெல்லிய இழைகள் இருக்கலாம். படிக மாலை என்று கண்ணாடி மாலையை விற்கும் இந்த நாளில் இந்தச் சோதனைகள் உங்களுக்குக் கைகொடுக்கும்.

இதோ, பட்டை தீட்டாத, மண்ணிலிருந்து எடுத்தபடியே இருக்கும் படிகம். ஆறு பக்கம். பக்கங்களின் குறுக்கே நகத்துக்குத் தட்டுப்படும் நுண்ணிய வரிகள். கல் சிறியதோ பெரியதோ, கோணலாக வளர்ந்ததோ நேராக வளர்ந்ததோ, அடுத்தடுத்த இரண்டு பக்கங்களுக்கு நடுவே உள்ள கோணம் 120 பாகைதான். பக்கங்களுக்கு இடையிலான கோணம் மாறாது என்பதை 1669-இல் டென்மார்க்கைச் சேர்ந்த நிக்கோலஸ் ஸ்டீனோ கண்டு எழுதினார். சிலிக்கனும் ஆக்சிஜனும் கட்டுக்கோப்பாக அடுக்கிக்கொண்டே போனதன் வெளித்தோற்றம் அது. தஞ்சைக்குப் பக்கத்தில் உள்ள வல்லத்தில் கிடைத்த படிகத்தைத் தேய்த்து மூக்குக்கண்ணாடி செய்த கைவினைஞர்கள் நம் மண்ணில் இருந்திருக்கிறார்கள். மங்கிய கண்ணுக்கு எழுத்தைத் தெளிவாக்கியது அந்தக் கல். படிகம் மனிதனுக்கு மெய்யாகவே செய்த மருத்துவம் என்று அதைச் சொல்லலாம்.

படிகத்துக்கு அதிர்வு உண்டு, அது நம் சக்கரத்தின் அதிர்வைச் சரிசெய்யும் என்று சொல்வார்கள். இதன் பின்னால் ஓர் உண்மை இருக்கிறது. 1880-இல் ழாக் கியூரி, பியர் கியூரி என்ற சகோதரர்கள், படிகத்தை அழுத்தினால் அதன் முகங்களில் மின்னேற்றம் தோன்றுவதைக் கண்டறிந்தார்கள். மின்சாரம் கொடுத்தால் படிகம் அதிரும் என்பது அதன் மறுபக்கம். உங்கள் கைக்கடிகாரத்தில் உள்ள படிகத் துண்டு நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அப்படி அதிர அதைக் குறிப்பிட்ட அளவில் கவை போல வெட்ட வேண்டும், மின்கலத்தோடு இணைக்க வேண்டும். மார்பின் மேல் வைத்த கல்லுக்கு மின்கலமும் இல்லை, சுற்றும் இல்லை. கடிகாரத்தின் உண்மையைக் கடன்வாங்கிக் கல்லுக்குக் கொடுக்க முடியாது.

நிறத்தையும் பார்ப்போம். அமெதிஸ்ட் என்பது ஊதாப் படிகம். அதற்குள் இருக்கும் சிறிதளவு இரும்பு, பாறையின் இயற்கைக் கதிர்வீச்சைப் பல காலம் வாங்கியதால் அந்த நிறம் வந்தது. அதே கல்லை 400 பாகை செல்சியசுக்கு மேல் உலையில் சூடாக்கினால் பெரும்பாலும் மஞ்சளாக மாறிவிடும். சந்தையில் சிட்ரின் என்று விற்பதில் பெரும்பகுதி இப்படிச் சுட்ட அமெதிஸ்ட்தான். ஆக, உச்சிக்கு என்று விற்ற கல், உலைக்குள் போய் வந்ததும் தொப்புளுக்கு, அதாவது மணிபூரகத்துக்கு, உரிய கல்லாகிவிடுகிறது. மாறியது இரும்பு அணுவின் நிலை மட்டுமே.

வைத்துப் பார்த்தவர்கள் உடம்பில் மாற்றத்தை உணர்கிறார்களே என்று கேட்பீர்கள். உணர்கிறார்கள், பொய் சொல்லவில்லை. லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் உளவியல் பேராசிரியராக இருந்த கிறிஸ்டோபர் ஃபிரெஞ்சும் அவர் குழுவினரும் 80 பேரை வைத்து இதை ஆராய்ந்து 2001-இல் முடிவை அறிவித்தார்கள். சிலர் கையில் உண்மைப் படிகம், சிலர் கையில் போலி. எது எவரிடம் என்று கையில் வைத்திருப்பவருக்குத் தெரியாது. சூடு, சிலிர்ப்பு, உள்ளே ஏதோ பாய்வது போன்ற உணர்வு எல்லாம் இரு சாராருக்கும் ஒன்றுபோலவே வந்தன. என்ன உணரக்கூடும் என்று முன்கூட்டியே கேள்விப்பட்டவர்களுக்கு அவை கூடுதலாக வந்தன. உணர்வு மெய். அதைத் தந்தது எதிர்பார்ப்பு.

என் உறவுக்காரப் பெண்ணிடம் இதைத்தான் சொன்னேன். இரவில் விளக்கை அணைத்து, கைப்பேசியைத் தள்ளி வைத்து, கண்ணை மூடி, அரைமணி நேரம் மூச்சைக் கவனித்துப் படுத்திருக்கிறாயே அம்மா, அந்த அரைமணி உனக்கு நல்லது செய்கிறது. நன்றியைக் கல்லுக்குக் கொடுத்துவிடாதே. படபடப்பை மருத்துவரிடம் காட்டு என்றேன். காட்டினாள். தைராய்டு என்று தெரிந்தது. இப்போது மாத்திரை சாப்பிடுகிறாள், தியானத்தையும் விடவில்லை. கல் அலமாரியில் அழகாக இருக்கிறது.

கல்லுக்குப் பின்னால் இருக்கும் கை

சூதுபவளத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் இருக்கிறது கொடுமணல். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று குறிக்கும் ஊர். அங்கே அகழ்ந்தபோது கல்மணி செய்த தடயங்கள் கொத்துக் கொத்தாகக் கிடைத்தன. மூலக்கல், பாதி செதுக்கியது, மெருகிட்டது, துளையிடும்போது உடைந்தது, சிதறிய செதில் என்று வேலையின் ஒவ்வொரு நிலையும் மண்ணுக்குள் இருந்தது. பெரில், படிகம், நீலக்கல், சூதுபவளம் எல்லாம் அங்கே மணியாயின. சூதுபவளத்தின் மூலக்கல் குஜராத் பக்கமிருந்து வந்திருக்க வேண்டும் என்பது தொல்லியலாளர் கருத்து.

அந்தக் குஜராத்தில் இன்றும் அந்தத் தொழில் நடக்கிறது. ரத்தன்பூர் பக்கம் தோண்டிய அகேட் கல் காம்பாத்துக்குப் போகிறது. அங்கே சுட்டு, உடைத்து, சாணைச் சக்கரத்தில் தேய்க்கிறார்கள். வீட்டுக்குள்ளேயே சாணை. தேய்க்கும்போது பறக்கும் நுண்ணிய சிலிக்காத் தூள் நுரையீரலில் போய்ப் படிகிறது. சிலிகோசிஸ் என்ற அந்த நோய்க்கு முழுக் குணம் கிடையாது. மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். தேய்க்கிறவருக்கும் வரும், அதே வீட்டில் சமைக்கிறவருக்கும் வரும். அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் காம்பாத் தொழிலாளரிடையே இந்த நோயை ஆராய்ந்து பதிவு செய்திருக்கிறது.

ஒருவர் அநாகதத்தின் மேல் வைத்து நிம்மதியாக மூச்சுவிடுவதற்கான கல்லைத் தேய்த்து இன்னொருவர் மூச்சை இழக்கிறார் என்றால், அந்தக் கல்லில் எந்தப் புனிதத்தை நான் காண்பது? மணிகளின் அழகை மறுப்பவன் அல்ல நான். வாழ்நாள் முழுவதும் கற்களோடு பழகியவன். தூளை உறிஞ்சும் கருவியும் ஈரச் சாணையும் இருந்தால் இந்த நோயைப் பெருமளவு தடுக்கலாம். வாங்குகிறவர்கள் கேட்கத் தொடங்கினால் விற்கிறவர்கள் அதற்கு வழி செய்வார்கள். எங்கே தோண்டியது, யார் தேய்த்தது என்று கேளுங்கள்.

படிகம் சொல்லும் பாடம்

படிகத்துக்கு நம் மரபு கொடுத்த பொருளை இப்போது சொல்கிறேன். நான் இங்கே வந்ததே இதைச் சொல்லத்தான்.

மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் அருளிய சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரங்கள் கொண்ட நூல். உயிர் எப்படிப்பட்டது என்பதை விளக்க அந்த மரபு படிகத்தை எடுத்துக்கொள்கிறது. படிகத்தின் பக்கத்தில் செம்பருத்தியை வைத்தால் படிகம் சிவக்கிறது. நீலப் பூவை வைத்தால் நீலமாகிறது. எடுத்துவிட்டால் பழையபடி தெளிந்து நிற்கிறது. உயிரும் அப்படித்தான். எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகிறது. ஐம்புலன்களைச் சார்ந்து நின்றால் புலன்களையே தான் என்று எண்ணுகிறது. கோபத்தைச் சார்ந்தால் கோபமாகிறது. இறைவனைச் சார்ந்தால் அவன் வண்ணமாகிறது. பதஞ்சலியின் யோக சூத்திரமும், அலையடங்கிய மனத்துக்குத் தெளிந்த மணியையே உவமை சொல்கிறது.

இராமேசுவரத்தில் விடியற்காலையில் ஸ்படிக லிங்க தரிசனத்துக்கு நிற்பவர்கள், சிதம்பரத்தில் ஸ்படிக லிங்கத்துக்கு அபிஷேகம் பார்ப்பவர்கள் இதை நினைத்துக்கொண்டு பார்க்கலாம். மற்ற லிங்கங்களின் முன்னால் தீபம் காட்டினால் ஒளி மேலே படும். இதில் ஒளி உள்ளே புகுந்து நிற்கும். இறைவனை வணங்கும் உயிர் ஆக வேண்டிய நிலை கண்ணுக்கு முன்னால் இருக்கிறது.

ஆக, நம் மரபில் படிகம் எதையும் நமக்குள் பாய்ச்சுவதில்லை. நாம் யாரோடு சேர்கிறோம், எதை நினைக்கிறோம், எதில் தோய்கிறோம் என்று நம்மைக் கேட்கிறது. ஆதாரங்களும் அதையே செய்கின்றன. உன் கவனம் இப்போது எந்தப் படியில் நிற்கிறது, அடுத்த படிக்கு ஏறப் பார்த்தாயா என்று கேட்கின்றன. பெட்டி இந்தக் கேள்விகளை எடுத்துவிட்டு விடையை மட்டும் விற்கிறது. கேள்வி இல்லாத விடையால் யாருக்கும் பயன் இல்லை.

இளைஞர்களிடம் சில வேண்டுகோள்கள். உடம்புக்கு முடியவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள். திருமூலர் உடம்பைப் பேணச் சொன்னவர், அவர் பெயரால் உடம்பைப் புறக்கணிக்காதீர்கள். கல்லை ஊறவைத்த நீரைக் குடிக்காதீர்கள். மாலகைட்டில் செம்பு இருக்கிறது, சில வண்ணக் கற்களில் ஈயமும் பாதரசமும் ஆர்சனிக்கும் இருக்கின்றன. யோகத்தில் நாட்டம் இருந்தால் விநாயகர் அகவலைப் பொருளோடு படியுங்கள். பிறகு உண்மை விளக்கம், அதன்பின் நல்லாசிரியர் துணையோடு திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம். நாள்தோறும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் உட்காருங்கள். கல்லில் நாட்டம் இருந்தால் நிலவியல் படியுங்கள். கொடுமணலுக்கும் கீழடி அருங்காட்சியகத்துக்கும் போய்வாருங்கள். படிக மாலை வைத்திருப்பவர்கள் அதைக் கொண்டு செபம் செய்யுங்கள். எண்ணிக்கை தவறாமல் விரலுக்குத் துணையிருப்பது அதன் வேலை. எண்ணுவதும் நினைப்பதும் உங்கள் வேலை.

நம் முன்னோர் விட்டுச்சென்றது உழைப்பால் மட்டும் வசமாகும் செல்வம். அதை எளிதாக்கித் தருகிறேன் என்று வருகிறவரிடம், இது எந்த நூலில் இருக்கிறது என்று தயங்காமல் கேளுங்கள். அப்படிக் கேட்கும் பழக்கம் இந்த வாசகர் வட்டத்திலிருந்தே பரவட்டும்.